எனக்கும் ஒரு டி.எம்.சி. கோபம்

காவிரி விஷயத்தில் எனக்கு வருகிற கோபம், வளசரவாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் வேறு யாருக்கும் வராது. பெருமைக்காகச் சொல்லவில்லை, வாட்ச்மேன் உட்பட எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். கோபப்பட எனக்கு என்ன பாத்தியதை என்று கேட்டால், இருக்கிறது. நான் பிறந்தது கும்பகோணம். வலங்கைமான் பக்கம் தாத்தாவுக்கு நிலம் இருந்தது. அதில் பாதி என் அத்தைகளின் கல்யாணங்களாகவும், மீதி இந்த இரண்டு படுக்கையறை வீடாகவும் மாறிவிட்டது. நிலம் கைமாறிப் போயிற்று. கோபம் மட்டும் பட்டா மாறாமல் என் பெயரிலேயே இருக்கிறது.

மேட்டூர் அணையின் நீர்மட்டம் இறங்க இறங்க என் ரத்த அழுத்தம் ஏறும். ஜூன் 12-ஆம் தேதி குறுவைக்கு அணை திறக்கவில்லை என்றால், காலையில் காபி குடித்த கையோடு கர்நாடகத்தைத் திட்ட உட்கார்ந்துவிடுவேன். கர்நாடகம் எதிரில் இருக்காது என்பதால் இஸ்திரிக்காரர், பேப்பர் போடும் பையன், என் மகன் என்று யார் அகப்படுகிறார்களோ அவர்கள் அதன் சார்பில் வாங்கிக்கொள்வார்கள். சில வருஷங்கள் எனக்குச் சோதனையானவை. 2018 ஜூலையிலும் 2024 ஜூலையிலும் மேலே கொட்டித் தீர்த்த மழையில் மேட்டூர் 120 அடியைத் தொட்டு நிரம்பியது. ஊரெல்லாம் மலர் தூவி வரவேற்க, நான் மட்டும் செய்வதறியாது ஈஸிசேரில் கிடந்தேன். "என்னங்க, உடம்புக்கு முடியலையா?" என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கோபத்தை வீட்டோடு வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான். உண்ணாவிரதம் என்றால் முதல் வரிசை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை பட்டினி கிடக்க வேண்டியிருப்பதால், எட்டு மணிக்கே ஏழெட்டு இட்லியை உள்ளே தள்ளிவிட்டுப் புறப்படுவேன். ஒருமுறை பந்தலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன், "சார், ஒரு டி.எம்.சி.னா எவ்வளவு சார்?" என்று கேட்டுவிட்டான்.

"நிறைய."

"நிறையன்னா?"

"அவன் நமக்குக் கொடுக்காத அளவு" என்று சொல்லி, எழுந்து நின்று ஒரு கோஷம் போட்டேன். பந்தலே திருப்பிச் சொன்னதில் பையனின் சந்தேகம் அமுங்கிப் போயிற்று. (நூறு கோடி கன அடி என்றும், லிட்டரில் சுமார் 2,830 கோடி என்றும் பிளஸ் டூ படிக்கிற என் மகன் பின்னால் சொன்னான். கோஷத்தில் வைத்துப் பார்த்தேன். எதுகை சரியாக வரவில்லை. விட்டுவிட்டேன்.)

கொடும்பாவி விஷயத்தில்தான் வீட்டில் சின்ன மனஸ்தாபம். கொளுத்துவது என்று கமிட்டியில் முடிவாயிற்று. யாருடைய கொடும்பாவி என்பதில் கருத்து வேற்றுமை இருந்தாலும் கொளுத்துவதில் ஒற்றுமை இருந்தது. வைக்கோல் வந்தது, சட்டை வந்தது, பேன்ட் இல்லை. ஒரு பேன்ட்டுக்காகப் போராட்டம் நிற்பதா என்று வீட்டுக்கு ஓடி, கொடியில் கிடந்த என் பழைய பேன்ட் ஒன்றை உருவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாயங்காலம் டி.வி. செய்தியில் அது எரிந்துகொண்டிருந்தபோது, மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உற்றுப் பார்த்தாள்.

"ஏங்க, அது போன தீபாவளிக்கு எடுத்த பேன்ட் இல்ல?"

பழசும் புதுசும் ஒரே கொடியில் காய்ந்தால் அவசரத்தில் யாருக்குத் தெரியும்? தியாகம் என்று வந்துவிட்டால் துணிக்கடை பில்லைப் பார்க்கக் கூடாது என்று சொன்னேன். அவள் பில்லைப் பீரோவிலிருந்து எடுத்தே காட்டினாள்.

அடுத்தது பொருளாதாரத் தடை. கர்நாடகத்துச் சாமான் எதுவும் இந்த வாசற்படியைத் தாண்டி வரக் கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவித்தேன். முதல் பலி பெங்களூர் கத்திரிக்காய். அந்தக் காயைச் சின்ன வயசிலிருந்தே எனக்குப் பிடிக்காது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது சௌசௌ என்று பெயரை மாற்றிக்கொண்டு கூட்டில் வந்து உட்கார்ந்தபோதும் அடையாளம் கண்டு திருப்பி அனுப்பினேன். மைசூர் ரசமும் போயிற்று. மைசூர் போண்டா மட்டும், சென்னை டீக்கடையில், சென்னை மாஸ்டர் கையால், சென்னைச் சட்டியில் பொரிகிறபடியால் நம் குடிமகனாகவே கருதப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தேன். அதே தீர்ப்பின் நிழலில் மைசூர்பாகும் தப்பித்தது.

"அப்போ காபி?" என்றாள் மனைவி.

"காபிக்கு என்ன?"

"நீங்க குடிக்கிற கொட்டை எங்க விளையுது? சிக்மகளூரு, குடகு. அரைக்கிற கடையில மூட்டை மேலயே போட்டிருக்கும், போய்ப் பாருங்க."

இந்தியாவில் விளைகிற காபியில் ஏறக்குறைய எழுபது சதவீதம் கர்நாடகத்துக் காபி. அதிலும் குடகு, காவிரி பிறக்கிற மலை. ஒரே மலையிலிருந்து இரண்டு சங்கதி கிளம்புகிறது. ஒன்று வரவில்லை என்று நான் தெருவில் கத்த, மற்றொன்று ஒரு வேளைகூடத் தவறாமல் டவராவில் வந்து இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. "ஏற்காட்டுலயும் காபி விளையுது" என்றேன். "வாங்கிட்டு வாங்க, போட்டுத் தர்றேன்" என்றாள். மறுநாள் காபி கேட்காமல் பத்து மணி வரை இருந்தேன். பத்தேகாலுக்கு வலது பக்க நெற்றிப்பொட்டு தெறித்தது. பத்தரைக்கு இஸ்திரிக்காரரைக் காரணமில்லாமல் திட்டினேன். பதினோரு மணிக்கு, காபி உலகப் பொதுவான பானம், அதற்கு மாநிலம் கிடையாது என்று ஒரு தெளிவு பிறந்தது. டிகாக்ஷன் அவள் முன்பே இறக்கி வைத்திருந்தாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவளுடைய மைசூர் சில்க் புடவை மீது கை வைத்தேன். அவள் பீரோவைத் திறந்து காஞ்சிபுரத்தையும் சேர்த்து எடுத்துக் கட்டில் மேல் போட்டாள். "காஞ்சிபுரத்துக்கும் பட்டு நூலு கர்நாடகாலேர்ந்துதான் வருது. ராமநகரத்துல பெரிய பட்டுக்கூடு மார்க்கெட்டே இருக்கு. எல்லாத்தையும் தடை பண்ணிடலாம். பதிலுக்கு எனக்கு என்ன எடுத்துத் தரப் போறீங்க?" பீரோ மூடப்பட்டது. பொருளாதாரத் தடை இன்றுவரை பெங்களூர் கத்திரிக்காய் அளவில் தீவிரமாக அமலில் இருக்கிறது.

சிரிக்க முடியாத நாட்களும் இதில் உண்டு. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு கெஜட்டில் வந்த கையோடு பெங்களூரில் கலவரம் மூண்டு, தமிழர்கள் ஆயிரக்கணக்கில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். 2016 செப்டம்பர் 12 அன்று விடிகாலையில் சென்னை ராதாகிருஷ்ணன் சாலையில் ஒரு ஓட்டலில் பெட்ரோல் குண்டு வீசினார்கள். கன்னடக்காரர் ஓட்டல் என்பது தவிர அது செய்த குற்றம் எதுவும் இல்லை. உடுப்பிக்காரர்கள் வந்து கடை போட்டிராவிட்டால் சென்னைக்கு மசாலா தோசை இந்த அளவுக்குப் பழகியிருக்காது. அதே நாள் மாலை பெங்களூரில் ஒரே டெப்போவில் நின்றிருந்த நாற்பதுக்கும் மேற்பட்ட தமிழ்நாட்டு பஸ்கள் எரிந்தன. குண்டு வீசியவனிடமும் பஸ்ஸைக் கொளுத்தியவனிடமும் ஒரு டி.எம்.சி. எவ்வளவு என்று கேட்டிருந்தால், நான் பந்தலில் சொன்ன பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள்.

இப்படி இருக்கையில் எங்களுக்கு மேல் வீட்டுக்கு ஒரு பாங்க் அதிகாரி குடிவந்தார். ஊர் எது என்றேன். "மண்டியா" என்றார். கிருஷ்ணராஜ சாகர் தண்ணீரில் கரும்பும் நெல்லும் போடுகிற ஜில்லா. தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடாதே என்று அங்கே ரோடு மறியல் நடக்கும்போதெல்லாம் இங்கே நான் கூடுதலாக ஒரு மாத்திரை போட்டிருக்கிறேன். இப்போது எதிரி என் தலைக்கு நேர் மேலே. மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரும் அவர் வீட்டைத் தாண்டித்தான் எனக்கு வர வேண்டும். அசோசியேஷனில் இதைப் பற்றி ஒரு மனு கொடுக்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே, மனைவி ஒரு கிண்ணம் புளிக்காய்ச்சலோடு மாடி ஏறிவிட்டாள்.

திரும்பி வந்த கிண்ணத்தில் வேறொரு புளிக்காய்ச்சல் இருந்தது. மேல்கோட்டைப் பக்குவமாம், எள், கொப்பரை, கொஞ்சம் வெல்லம். மேல்கோட்டை அதே மண்டியா ஜில்லாவில்தான் இருக்கிறது. ராமானுஜர் பல வருஷம் தங்கியிருந்த ஊர். கோயிலில் இன்றைக்கும் ஆழ்வார் பாசுரம் ஓதுகிறார்கள். 1993-ல் காவிரித் தண்ணீர் கேட்டு மெரினாவில் உண்ணாவிரதம் இருந்தாரே ஜெயலலிதா, அவர் பிறந்ததும் அங்கேதான். இத்தனைக்குப் பிறகு அந்தப் புளிக்காய்ச்சல் யாருடையது என்று முடிவு செய்ய இன்னொரு நடுவர் மன்றம்தான் போட வேண்டும். நான் நியாயம் முடிவாகும் வரை காத்திருக்கவில்லை, சோற்றில் பிசைந்துவிட்டேன்.

அப்புறம் கிண்ணம் மேலும் கீழுமாக ஓடிக்கொண்டே இருந்தது. மனைவி கன்னடமும் பேச ஆரம்பித்தாள். பாதி தமிழ், மீதிக்குக் கை. மேலே இரண்டு பெண்களும் எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கீழே எனக்குக் கேட்கும். அந்த நேரத்தில் நான் நதிநீர்ச் செய்திகளைக் கத்தரித்து ஃபைலில் ஒட்டிக்கொண்டிருப்பேன்.

ஐப்பசியில் அதிகாரியின் அப்பா ஊரிலிருந்து வந்தார். எழுபதைத் தாண்டியவர். விசுவேசுவரய்யா கால்வாயின் கடைமடையில், மத்தூர் பக்கம், மூன்று ஏக்கர் வைத்திருக்கிற விவசாயி. எங்களை விருந்துக்குக் கூப்பிட்டார்கள். நான் போனது சாப்பிட அல்ல. 1924 ஒப்பந்தம், 1991 இடைக்கால உத்தரவின் 205 டி.எம்.சி., 2007 இறுதித் தீர்ப்பின் 419 டி.எம்.சி., எல்லாவற்றையும் துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் மாடி ஏறினேன்.

தட்டில் ராகி முத்தே வைத்தார்கள். பளபளவென்று ஆவி பறக்கிற உருண்டை. பெரியவர் அதில் ஒரு துண்டு கிள்ளினார், விரலால் உருட்டினார், சாறில் ஒரு புரட்டுப் புரட்டி வாயில் போட்டார். தொண்டைக் குமிழ் ஒருமுறை ஏறி இறங்கியது, தீர்ந்தது வேலை. பல்லுக்கு அதில் பங்கே இல்லை. நான் நெல்லுச்சோற்றுப் பரம்பரை. மென்றேன். மெல்ல மெல்ல அது பெருகியது. மேலண்ணத்தில் ஒரு பூச்சு, கடைவாயில் இரண்டு பக்கமும் அடைப்பு. இந்த நிலையில் "தொள்ளாயிரத்து இருபத்து நாலாம் வருஷம்" என்று நான் வாதத்தைத் தொடங்க, "தொள்... தொள்..." என்பதற்கு மேல் எதுவும் வெளியே வரவில்லை.

"மெல்லக் கூடாது சாமி, அப்படியே முழுங்கணும்" என்றார் பெரியவர். எம்.ஜி.ஆர். படம் பார்த்தே கற்றுக்கொண்ட தமிழாம். "தண்ணி குடிங்க" என்று சொம்பை என் பக்கம் நகர்த்தினார். மண்டியாக்காரர் தண்ணீர் கொடுத்தார், தஞ்சை ஜில்லாக்காரன் வாங்கிக் குடித்தான். எந்தப் பத்திரிகையும் இதைப் போடவில்லை.

வாய் காலியானதும் அவர் முந்திக்கொண்டார். "உங்க பக்கம் இந்த வருஷம் குறுவை எப்படி?"

"மோசம்" என்றேன்.

"ஏக்கருக்கு எத்தனை மூட்டை கண்டது?"

"ரொம்ப மோசம்."

"உங்களுக்கு எத்தனை ஏக்கர்?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். "வளசரவாக்கத்துல ரெண்டாவது மாடி மட்டும்தாங்கய்யா" என்றாள் மனைவி.

அவர் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. தன் வயலைப் பற்றிச் சொன்னார். கால்வாயில் தண்ணீர் திறந்தால் தலைமடைக்காரன் வாங்கிக்கொண்டது போக, மிச்சம் இவருக்கு வந்து சேர நாளாகுமாம். சில வருஷம் வந்து சேராதாம். தலைமடைக்காரன் யார்? அதே தாலுகா, அதே பாஷை, அதில் ஒருவன் இவருக்கு மாமன் மகன். "திட்ட மாட்டீங்களா?" என்றேன் ஆவலாக. "திட்டுவேன். சாயங்காலம் அவன் வீட்டுத் திண்ணையிலதான் உட்கார்ந்திருப்பேன்" என்றார். பிறகு நம்மூர்க் கடைமடையைப் பற்றி விசாரித்தார். கடல் பக்கத்து ஊர்களில் போர் போட்டால் உப்புத் தண்ணீர் வருகிறதாமே, நிஜமா என்றார். அது நிஜம் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். 2003-ல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துப் பேராசிரியர் ஜனகராஜனின் முயற்சியில் இரண்டு மாநில விவசாயிகளும் சேர்ந்து 'காவிரிக் குடும்பம்' என்று ஒரு குழு அமைத்தார்கள். அவர்கள் இங்கே வந்து வயலைப் பார்த்தார்கள், இவர்கள் அங்கே போய்ப் பார்த்தார்கள். கோர்ட்டால் முடியாததை அவர்கள் முடித்துவிடவில்லை. ஆனால் ஒருவர் வயலில் ஒருவர் நின்று பேசினார்கள். அந்தக் காலத்தில் பெரியவரின் ஊர்க்காரர் ஒருவர் டெல்டா வரை போய் வந்து சொன்ன சேதியாம் அந்த உப்புத் தண்ணீர். சட்டைப் பையில் இருந்த காகிதத்தை நான் எடுக்கவில்லை. அதில் உப்புத் தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மறுநாள் எங்கள் வீட்டில் பதில் விருந்து. பெரியவர் சோற்றைப் பிசைந்துவிட்டு, "அரிசி ஜோரா இருக்கு" என்றார்.

"தஞ்சாவூர்ப் பொன்னியாக்கும்!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"கர்நாடகா பொன்னிங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "வருஷக்கணக்கா அதான் வாங்குறோம்." மூட்டையைத் தோளில் சுமந்து மாடி ஏற்றுகிறவன் நான்தான். எழுத்து எப்போதும் முதுகுப் பக்கம் இருக்கும், எப்படிப் படிப்பது? பேச்சை மாற்றத் தண்ணீர் ஊற்றினேன். சென்னைக்குக் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்க, ஏரிப் பெயர்களை என் மகன் அடுக்கினான். அதில் வீராணமும் வந்தது. கொள்ளிடத்திலிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்கு, அங்கிருந்து 2004 முதல் ராட்சசக் குழாயில் சென்னைக்கு. "அப்போ நம்ம காவிரித் தண்ணிதான்!" என்று பெரியவர் டம்ளரைத் தூக்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். அந்த 'நம்ம'வுக்குக் கோபப்படுவதா வேண்டாமா என்று நான் தீர்மானிப்பதற்குள் ரசம் வந்துவிட்டது.

ஊர் பார்க்க எங்கே கூட்டிப் போகலாம் என்று பேச்சு வந்தது. "அயனாவரத்துல உங்க சர்வக்ஞர் சிலை இருக்கே" என்றாள் மனைவி. எனக்குச் சுரீர் என்றது. பெங்களூர் அல்சூரில் திருவள்ளுவர் சிலையைத் திறக்க விடாமல் 1991-லிருந்து பதினெட்டு வருஷம் மூடியே வைத்திருந்தார்கள். அதைத் திற என்று கோஷம் போட்டுத் தொண்டை கட்டியவர்களில் நானும் ஒருவன். 2000-ல் நடிகர் ராஜ்குமாரைக் கடத்திக் காட்டில் வைத்திருந்த வீரப்பனின் கோரிக்கைகளிலும் அது ஒன்று. கூட்டாளியை நான் தேர்ந்தெடுக்கவில்லை. கடைசியில் 2009 ஆகஸ்டு 9-ல் வள்ளுவர் சிலையைத் திறந்தார்கள். நாலு நாள் கழித்து, பதில் மரியாதையாக அயனாவரம் ஜீவா பூங்காவில் கன்னடக் கவி சர்வக்ஞருக்குச் சிலை. வெற்றி கிடைத்ததும் நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். இரண்டாவது செய்தி கண்ணில் படவில்லை.

பூங்காவில் பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சிலைக்கு முன் நின்றார். சர்வக்ஞரின் பாட்டு மூன்று மூன்று அடியாக வரும். ஒன்று சொன்னார், இன்னொன்று சொன்னார், நிறுத்தாமல் போய்க்கொண்டே இருந்தார். நடைப்பயிற்சிக்காரர்கள் இரண்டு பேர் நின்று கேட்டார்கள். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இப்போ நீங்க வள்ளுவர் சொல்லுங்க."

முதல் குறளைக் கணீரென்று சொன்னேன்.

"பேஷ். அடுத்தது?"

பூங்காவை மூடுகிற நேரமாகிவிட்டது என்று சொன்னேன். சாயங்காலம் ஐந்து மணி. வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஊருக்குக் கிளம்புகிறபோது பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, பெங்களூரில் இருக்கும் தன் மைத்துனனைப் பற்றிச் சொன்னார். நிலத்தை விற்று மல்லேசுவரத்தில் ஒரு ஃபிளாட் வாங்கியிருக்கிறாராம். கபினி எந்தப் பக்கம் என்று கேட்டால் தெரியாது. ஆனால் தமிழ்நாடு என்று டி.வி.யில் வந்தால் போதும், எழுந்து நின்று கத்துவாராம். தசரா கொலுவில் வைத்திருந்த தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டாராம். "உங்களைப் பார்த்தா எனக்கு அவன் நெனப்புத்தான்" என்றார். இரண்டு மாநிலத்திலும் என்னை முழுசாகப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே மனிதர் அவர்தான் என்று தோன்றியது. விலாசம் வாங்கி வைத்திருக்கிறேன். எழுதினால் என்ன பாஷையில் திட்டி எழுதுவது என்பதுதான் தெரியவில்லை.

2018 பிப்ரவரி 16-ல் சுப்ரீம் கோர்ட்டு, மாநில எல்லையில் இருக்கிற பிலிகுண்டுலுவில் நமக்கு வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்புச் சொல்லி, பதினைந்து வருஷத்துக்கு இந்தப் பங்கை மாற்றக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. ஆகவே பங்கு கேட்கிற கோஷத்துக்கு 2033 வரை அவசரமில்லை. வேறொன்றுக்குத்தான் அவசரம். பெரியவர் ஜூன் கடைசியில் மறுபடி வருகிறார். குறுவை நடவைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம், முடிந்தால் ஒரு கை நாற்றும் நட வேண்டுமாம். எனக்கு நிலமில்லை; நிலம் வைத்திருக்கிற சொந்தக்காரர்களோடு பேச்சுவார்த்தையும் இல்லை. கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கம் இன்னும் பயிர் செய்கிற வாசகர்கள் யாராவது தெரிவித்தால் அழைத்து வருகிறேன். ராகி மாவு அவரே கொண்டுவந்துவிடுவார். உங்களுக்குச் சாப்பாட்டுச் செலவு நான் ஒருத்தன்தான்.